ராகு காலத்தில் படையெடுக்காத ராஜாக்கள்

எனக்கு அம்மை போட்டிருந்த பதினெட்டு நாளில் முக்கால்வாசி நாள் நான் நான்கு ராஜாக்களோடு போரில் இருந்தேன். நால்வரும் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே, ஒரு கறுப்பு வெள்ளை டெலிவிஷனுக்குள் குடியிருந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அந்த அம்மைக்கு நான் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன். முகத்தில் அது விட்டுப்போன இரண்டு தழும்புகளைப் பார்த்து அம்மா வருத்தப்பட்ட அளவுக்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் கீழ் வீடு எங்களுடையது. அப்பா தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். மேல் மாடியில் ஒரு வங்காளி அம்மாளும் அவருடைய மகனும் இருந்தார்கள். அம்மாளை மாசிமா என்றும், மகனைத் தாதா என்றும் கூப்பிடுவோம். வங்காளத்தில் மாசிமா என்றால் பெரியம்மா, தாதா என்றால் அண்ணன். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மட்டும் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, ரயிலேறும் வரை மாடிப்படி பக்கமே போகவில்லை. உண்மையில் எங்கள் தாதா எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். ரயில்வேயில் என்ஜினீயர். கல்யாணம் ஆகாதவர். லண்டனிலிருந்து வந்த அவருடைய மாமா கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. பார்க்கத் தட்டையான டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். அதை டெலிவிஷனோடு இணைத்தால் விளையாடலாம்.

விளையாட்டு கடையில் வாங்கியது அல்ல. ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அந்த விளையாட்டின் கட்டளைகளைப் பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்தார்கள். தாதா ஒரு மாதம் மாலை வேளைகளில் உட்கார்ந்து அத்தனையையும் தட்டி கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். ஒரு தீவு. அதில் இருபத்தைந்து நாடுகள். ஐந்து ராஜாக்கள். ஒரு ராஜா நாம், மற்ற நால்வர் கம்ப்யூட்டர். நம் முறை வரும்போது எவ்வளவு விதைப்பது, எத்தனை படைவீரர்களைச் சேர்ப்பது, யார் மேல் படையெடுப்பது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த நால்வரும் தங்கள் முறைக்கு நம்மை உரித்துத் தோரணம் கட்டுவார்கள். தீவு முழுவதையும் யார் பிடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நால்வருக்கும் நானே பெயர் வைத்திருந்தேன்: மீசைக்காரன், அவசரக்காரன், கஞ்சன், ஊமை. டெலிவிஷனில் நிறம் இல்லாததால் கஞ்சனும் ஊமையும் ஒரே சாம்பலாகத் தெரிவார்கள். கஞ்சனை அடிப்பதாக நினைத்து ஊமையை அடித்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

பங்குனி வெயிலில் ஒரு வியாழக்கிழமை என் முதுகில் முதல் முத்து தெரிந்தது. அம்மா பார்த்தவுடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு வாசலில் வேப்பிலை செருகினாள். அன்றோடு வீட்டில் தாளிப்பு நின்றது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர் கண்ட இடத்துக்குப் போய்வரக்கூடாது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் முன்பே அம்மை வந்து போயிருந்தது. அப்பாவுக்கு வந்ததில்லை. பெரியவர்களுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, அன்று மாலையே அம்மா அவரை ஒரு பெட்டியோடு மாசிமா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மாசிமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வங்காளிகளும் இதைத் தாயின் தயவு என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அப்பாவுக்கு வீட்டு வாசல் கிடையாது.

அப்பா என்னை விட்டுவிட்டு ஓடிப்போய்விட்டார் என்றே நான் முடிவு கட்டினேன். அம்மா எத்தனை விளக்கிச் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. என் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. தினமும் காலையில் அவர் குடையோடு பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஜன்னலுக்கு எதிர்ப்புறம் கொஞ்ச நேரம் நிற்பார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவர் இயல்பிலேயே அதிகம் பேசாதவர். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று அவருக்குத் தோன்றவில்லையா, அல்லது சாலையில் நின்று குரல் கொடுக்கக் கூச்சமா, தெரியவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

காய்ச்சல் இறங்கியதும் எனக்குப் பொழுது போகவில்லை. மேலே போய் விளையாட வேண்டும் என்று அழுதேன். அப்போது தாதா ஒரு வழி சொன்னார். அந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் காய்கறி வாங்க இறங்கி வரமாட்டார்கள். ஒரு பையைக் கயிற்றில் கட்டித் தெருவுக்கு இறக்குவார்கள், விற்பவர் சரக்கை அதில் போட்டதும் இழுத்துக்கொள்வார்கள். மாசிமாவின் அந்தப் பை இனி என் ஜன்னலுக்கும் வரும். என் கட்டளைகளைச் சீட்டில் எழுதிப் போட்டால் தாதா அதைக் கம்ப்யூட்டரில் தட்டி, ராஜாக்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பதில் சீட்டில் எழுதி இறக்குவார். என் கை காகிதத்தில் படக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், நான் படுத்தபடியே சொல்லச் சொல்ல அண்ணன் வராந்தாவில் நின்று எழுதினான். ஒரு சீட்டுக்கு ஒரு பிஸ்கட் என்று அவனுக்குச் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போர் தொடங்கியது. மறுநாள் சாயங்காலம் லோட்ஷெட்டிங். இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் திரும்பியபோது வந்த வேகத்தில் எங்கள் வீட்டு பல்பு ஒன்று பட்டென்று போனது. மேல் வீட்டில் கம்ப்யூட்டரே போனது. உள்ளிருந்து கொஞ்சம் புகை வந்ததாம், அவ்வளவுதான். ரிப்பேர் செய்ய ஒரு மாதம் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

இது எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. தாதா கீழே வந்து ஜன்னலில் சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பினாராம். அப்பா அவரைத் தடுத்துவிட்டு, அந்தப் பத்திரிகையை வாங்கிப் பார்த்திருக்கிறார். ராஜாக்கள் எப்போது விதைப்பார்கள், எத்தனை வீரர்கள் இருந்தால் படையெடுப்பார்கள் என்று எல்லாம் அதில் வரிவரியாக இருந்தது. எங்கள் ஆபீஸ் விதிப்புத்தகத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று சொல்லிவிட்டு, தாதாவிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு, ஒரு நோட்டில் தீவை வரைந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டார். சண்டையின் முடிவுக்கு மாசிமா வீட்டு லூடோ பகடை. பதிலை அப்பா சொல்வார், நான் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று தாதா எழுதுவார். ஆக, அந்தத் திங்கட்கிழமை முதல் நான் மோதியது கம்ப்யூட்டரோடு அல்ல. நான்கு ராஜாக்களும் என் அப்பாதான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், ராஜாக்களுக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது என்பதுதான். முன்பெல்லாம் அவசரக்காரன் பாதி வழியில் சோறில்லாமல் படையைப் பட்டினி போட்டுவிடுவான். இப்போது அவன் மூட்டை கட்டாமல் வாசலைத் தாண்டுவதில்லை. கஞ்சன் ஒரு நெல்மணியைக்கூட வீணாக்கவில்லை. ஒருமுறை என் நெல் மூட்டைகளை நான் தவறாகக் கூட்டிவிட்டேன். கூட்டல் பிழை, ஏழு மூட்டை கழிக்கப்பட்டது என்று அடிக்கோடிட்டுப் பதில் வந்தது. எரிச்சலில் கம்ப்யூட்டர் ஒரு கழுதை, கஞ்சன் நாசமாகப் போக என்று சொன்னேன். அண்ணன் ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பினான். ராஜா நன்றி தெரிவித்துக்கொள்கிறார் என்று மேலிருந்து பதில் வந்தது. அண்ணன் வராந்தாவில் உருண்டு சிரித்தான். அவனுக்கும் அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். ஒருநாள் லோட்ஷெட்டிங் சமயத்திலேயே மேலிருந்து பதில் சீட்டு இறங்கியது. மின்சாரம் இல்லாமல் கம்ப்யூட்டர் எப்படி ஓடும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயதுதான், ஆனால் மீசைக்காரன் என் கடைசிக் கோட்டையை வளைத்துக்கொண்டிருந்தான். அந்த அவசரத்தில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

அந்த வாரத்தில் நான்கு ஆட்டம் தோற்றேன். விளையாட்டுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. கண்ணாடி பார்க்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், முகம் எப்படி இருக்கிறதென்று தெரியாது. பள்ளியில் பரீட்சை போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். இதையாவது ஜெயிக்க வேண்டும், தண்ணீர் ஊற்றி எழுந்து போவதற்குள் ஒரே ஒருமுறையாவது அந்த நால்வரையும் மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று இருந்தது.

அம்மை போட்ட இரண்டாவது சனிக்கிழமை முதல் தண்ணீர். வேப்பிலை போட்ட தண்ணீர் அண்டாவில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தினேன்.

"ஒம்போதுலேர்ந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். கழிச்சுத்தான் ஊத்துவேன், சும்மா கிட" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் ராகு காலம் என்றால் பேச்சுக்கு இடமில்லை. சென்னையிலிருந்து வருகிற தினசரிக் காலண்டர் சுவரில் தொங்கும். கல்கத்தாவில் சூரியன் சென்னையைவிட முந்தியே எழுந்துவிடும். அதைப் பற்றி ராகு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, சென்னை நேரப்படியே வந்து போனார். காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆறு சீட்டு அனுப்பினேன். ஆறு பதிலிலும் ராஜாக்கள் விதைத்தார்கள், கோட்டையைப் பூசினார்கள், சும்மா இருந்தார்கள். ஒருவனும் என் மேல் வரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து படுத்ததும் அனுப்பிய சீட்டுக்கு, அவசரக்காரன் என் இரண்டு நாடுகளைப் பிடுங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை மறுபடி அதே அமைதி. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மேல், தாதா ஆபீஸ் போவதற்குள் அனுப்பிய இரண்டு சீட்டுக்கும் அப்படியே. படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, காலண்டர் தாளின் ஓரத்தில் அச்சாகியிருந்த ராகு கால நேரம் கண்ணில் பட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் நேரம் அப்படியே பொருந்தியது.

கம்ப்யூட்டர் ராகு காலம் பார்க்கிறது! லண்டனிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஏன் ராகு காலம் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. நான் அறிந்த உலகத்தில் பொறுப்புள்ள எல்லோரும் பார்த்தார்கள். அது புத்திசாலி இயந்திரம், அதுவும் பார்க்கிறது. இந்தக் கண்டுபிடிப்பை நான் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

வார நாட்களில் ராகு காலம் பெரும்பாலும் ஆபீஸ் நேரத்தில் வந்து தொலைந்தது. பகலில் தாதா வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே பொறுமையாக இருந்தேன். நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்று, வெள்ளிக்கிழமை இரவு புது ஆட்டம் கேட்டேன். சனிக்கிழமை ஒன்பது அடித்ததும் அண்ணனை எழுதச் சொன்னேன். பத்தரைக்குள் மீசைக்காரனும் அவசரக்காரனும் ஒழிந்தார்கள். பத்தரை அடித்ததும் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

தலைவலி என்றால் சீட்டு அனுப்ப வேண்டாம், ராஜாக்களுக்கு முறை வராது. அதுதான் என் திட்டம். ஆனால் அம்மை நேரத்தில் தலைவலி என்று சொல்வது என்ன என்று எனக்குத் தெரியாது. அம்மா முகம் வெளுத்துப்போய் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். அண்ணன் மாடிப்படியின் அடியில் நின்று விஷயத்தைக் கத்தினான். அரை மணி நேரத்தில் பை இறங்கியது. உள்ளே நான்கு இளநீர். வெயிலில் கடைத்தெரு வரை போய் அப்பா வாங்கி வந்தது என்று அண்ணன் சொன்னான். நான்கையும் குடித்தேன். ராகு காலம் வரும்வரை நேரத்தை ஓட்ட அது உதவியது, அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குத் தலைவலி பறந்துபோய், நான் படையெடுத்துக் கிளம்பினேன். அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"அடிப்பாவி, நீ மட்டும் ராகு காலத்துல சண்டைக்குப் போலாமா?"

"எம் மேலதான் மாரியாத்தா இருக்காளே. ராகு என்னம்மா பண்ணுவாரு?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா, சாமியிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று தெரியாது. ஐந்தரைக்கு ஊமை விழுந்தான். கஞ்சனிடம் ஒரே ஒரு கோட்டை மிச்சம். என்னிடம் இருந்ததைவிட அவனிடம் இரண்டு மடங்கு படை இருந்தது. ஒரு முறை வெளியே வந்திருந்தால் என்னைத் துடைத்துப் போட்டிருப்பான். அவன் வரவில்லை. நான் அனுப்பிய படை இரண்டு முறை பகடையில் தோற்றுத் திரும்பியது. அப்போதும் அவன் துரத்தவில்லை. ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பை இறங்கியது. தீவு உங்களுடையது என்று தாதா பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். நான் கட்டில்மேல் நின்று குதித்தேன். பதினெட்டு நாளில் அன்றுதான் எனக்கு அம்மை இருப்பதே மறந்துபோனது.

எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் அப்பா வீடு திரும்பினார். பதினெட்டு நாளும் கடுகெண்ணெய்ச் சமையலைச் சாப்பிட்டு முகம் வாடியிருந்தது. அவருக்கு அந்த வாசனையே ஆகாது. நான் கோபத்தையெல்லாம் மறந்து ஓடிப்போய் என் வெற்றியைச் சொன்னேன்.

"அந்தக் கம்ப்யூட்டர் சுத்தப் பயந்தாங்கொள்ளிப்பா. ராகு காலம் வந்தா கோட்டைக்குள்ள போய் ஒளிஞ்சிக்குது."

"அப்படியா?" என்றார். என் முகத்தைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். தழும்பைத்தான் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போய்விட்டார்.

ராஜாக்கள் யார் என்பதை அண்ணன் என் கல்யாணத்துக்கு முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைத்தான். பந்தலே சிரித்தது, அப்பாவும் சிரித்தார். அப்போதும் நான் நினைத்தது, அப்பா ராகு காலத்தில் புதுக் காரியம் தொடங்கமாட்டார், அந்தப் பழக்கத்தில் அசந்துபோய் மகளிடம் மாட்டிக்கொண்டார் என்றுதான். அதை வைத்து அவரைப் பல வருஷம் கிண்டல் செய்தேன். அவர் ஒருமுறையும் மறுக்கவில்லை.

அப்பா போன பிறகு ஒருநாள், என் மகன் போனில் கம்ப்யூட்டரோடு ஏதோ போர் விளையாட்டு விளையாடித் தோற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்து, இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அசந்துபோனாரா? நீ ராகு காலம் பாத்து சீட்டு அனுப்புறேன்னு சனிக்கிழமையே அவருக்குத் தெரியும்டி. படையெடுத்தா நீங்கதான் ஜெயிப்பீங்க, புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்குன்னு மேல் வீட்டுத் தம்பிகூட சொல்லிச்சாம். விளையாட்டுதான் தம்பி, ஆனா அம்மை போட்டுக் கிடக்குற புள்ள மேல ராகு காலத்துல படை போகுதுன்னு என் வாயால எப்படிச் சொல்றதுன்னாராம். மாசிமா சொல்லிச் சொல்லி அழுவாங்க."

மகனுடைய போனிலிருந்து வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மற்ற எல்லா நேரத்திலும் ஒரு மூட்டை நெல்லைக்கூட விட்டுக்கொடுக்காமல் என்னைப் புரட்டிப் புரட்டி அடித்தவர் அவர். விட்டுக்கொடுத்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் அவரால் அடிக்க முடியவில்லை. கஞ்சன் பயந்துபோய்த்தான் கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தான் என்று பத்து வயதில் நான் சொன்னது சரிதான். யாருக்காகப் பயந்தான் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.